கச்சேரிக் கணக்கு

போர்க்கால வன்னியில் ஒரு குடும்பத்திடம் கடைசிவரை இருந்த ஆவணம் நிவாரண அட்டை. அடையாள அட்டை பலரிடம் இல்லை. காணி உறுதி பெட்டகத்தோடு எரிந்திருக்கும், பிள்ளையின் சான்றிதழ் மழையில் ஊறியிருக்கும். நிவாரண அட்டை மட்டும் ஒவ்வொரு தறப்பாளுக்கும் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டுக் கூடவே வந்தது. அதைக் காட்டினால்தான் சங்கக்கடையில் அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் கிடைக்கும். ஆகவே ஒரு குடும்பம் விசுவமடுவிலிருந்து உடையார்கட்டுக்கும், அங்கிருந்து தேவிபுரத்துக்கும், பிறகு மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் போனபோது அதன் ஆள்தொகையும் கூடவே போனது. ஜீ.எஸ். எனப்படும் கிராம சேவகர் கொப்பியில் குறித்தார். அது பிரதேச செயலகத்துக்குப் போனது, அங்கிருந்து மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு, கச்சேரியிலிருந்து கொழும்புக்கு.

இந்தக் கணக்கு விடுதலைப் புலிகளுடையதல்ல. கிளிநொச்சியில் புலிகளின் காவல்துறையும் நீதிமன்றமும் வைப்பகமும் இயங்கிய நாட்களிலும் கச்சேரி கொழும்பின் கச்சேரியாகவே இருந்தது. அரசாங்க அதிபருக்கும் ஆசிரியருக்கும் தாதிக்கும் தபாற்காரருக்கும் கொழும்புதான் சம்பளம் கொடுத்தது. ஆட்சி ஒருவரிடம், சம்பளப் பட்டியல் இன்னொருவரிடம். வெளியூரார் இதை நம்பச் சிரமப்படுவார்கள். வன்னிச் சனம் இதற்குள் நீண்டகாலம் வாழ்ந்து பழகியது.

2008 ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 தொடக்கத்தில், நிலம் சுருங்கி எல்லோரும் கடற்கரைப் பக்கம் தள்ளப்பட்ட பிறகு, முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபரின் நிலைமை அறிக்கை சுமார் 330,000 பேர் உள்ளே இருப்பதாகச் சொன்னது. கொழும்பு சொன்ன தொகை 70,000. கீழிருந்து வந்த எண் அடிப்படையற்றது என்றும் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படலாம் என்றும் மேலிருந்து கடிதம் வந்தது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை இதைப் பதிவு செய்திருக்கிறது. உணவும் மருந்தும் அந்தச் சின்ன எண்ணுக்குத்தான் அளந்து கப்பலில் ஏற்றப்பட்டன.

எந்த எண் சரி என்பதைக் காலமே சொல்லிவிட்டது. பெப்ரவரி முடிவுவரை இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் குறைவு. ஏப்ரல் 20இல் மாத்தளன் மண்ணணை உடைக்கப்பட்டு, அடுத்த சில நாட்களில் மட்டும் ஒரு இலட்சம் பேரளவில் வெளியே வந்தார்கள். யூலையில், வெளியே வந்துசேர்ந்தவர்கள் என்று ஐ.நா. அலுவலகம் கணக்கிட்ட மொத்தத் தொகை 282,380. முதலில் வந்த நாற்பதாயிரத்தைக் கழித்தாலும், எழுபதாயிரம் பேர் இருந்த இடத்திலிருந்து இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் எப்படி வெளியே வந்தார்கள்? 2011 சனவரி 8ஆம் திகதி மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இன்னொரு கழித்தலைச் செய்தார். கச்சேரியின் 429,059இலிருந்து 282,380ஐக் கழித்தார். மீதி 146,679. இவ்வளவு பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். பதில் இன்றுவரை வரவில்லை. அந்த 429,059 பிழையென்று காட்டுவதற்குச் சமமான ஓர் எண்ணையும், அதைத் திரட்டிய முறையையும் யாரும் முன்வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையிலான அதிகாரத்தைப் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. பொலிஸ் யாரிடம், காணி யாரிடம், வரி யாரிடம் என்று மூன்று தலைப்புகளில் அது சுற்றிவரும். நான் முள்ளிவாய்க்காலிலிருந்து அதைப் பார்க்கும்போது இந்த மூன்றுக்கும் கீழே இன்னொரு அதிகாரம் தெரிகிறது. ஒரு நிலத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எந்தக் காணிக்குரியவர், யார் செத்தார் என்று பதிந்து, அந்தப் பதிவை மற்றவர்கள் ஏற்றேயாக வேண்டிய நிலையை உண்டாக்கும் அதிகாரம் அது. பக்கத்தில் நின்று பார்த்து எழுதியவரின் எண்ணை, முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஒருவர் ஒரு கடிதத்தால் இல்லாமல் செய்ய முடியுமென்றால், பட்டியலில் எத்தனை விடயங்களைப் பகிர்ந்தாலும் என்ன பயன்? மாகாண சபைகளை உண்டாக்கிய 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தில் குடிசன மதிப்பும் புள்ளிவிபரமும் மத்திக்கென்று ஒதுக்கிய நிரலில்தான் இருக்கின்றன. அதை யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அது ஏதோ அலுவலகச் சமாச்சாரம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அந்த மாதங்களில் வடக்கு மாகாணம் என்ற ஒன்று எங்கே இருந்தது என்றும் கேட்கலாம். காகிதத்தில் இருந்தது. 1987 உடன்படிக்கையால் இணைந்த வடக்கு கிழக்கை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் பிரித்தது. 2007 சனவரி முதல் வடக்கு தனி மாகாணம். அதற்குத் தேர்தல் இல்லை, சபை இல்லை. ஆளுநரும் பிரதம செயலாளரும் இருந்தார்கள். அவர்களுடைய அலுவலகங்கள் திருகோணமலையில், வரோதயநகரில். அதாவது வடக்கின் மாகாண நிர்வாகம் கிழக்கு மாகாணத்தில் குந்தியிருந்தது. சட்டப்படி சுகாதாரமும் கூட்டுறவும் மாகாணத்துக்குரியவை. ஆக, முள்ளிவாய்க்காலில் தறப்பாளுக்குக் கீழே ஆஸ்பத்திரி நடத்திய பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களும், அரிசி நிறுத்துக் கொடுத்த சங்கக்கடை மனேச்சரும் அந்த இல்லாத அரசாங்கத்தின் ஆட்கள். மருத்துவர்கள் வரதராஜாவும் சத்தியமூர்த்தியும் சண்முகராஜாவும் காயக்காரரின் எண்ணிக்கையை வெளியே சொன்னார்கள். மருந்து இல்லை என்று சுகாதார அமைச்சுக்கு எழுதினார்கள். போர் முடிந்ததும் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டு, 2009 யூலை 8ஆம் திகதி கொழும்பில் ஊடகங்களின் முன் இருத்தப்பட்டார்கள். தாங்கள் சொன்ன எண்கள் மிகை என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கப்பட்டது. கீழே எண்ணியவனைக் கொண்டே அவன் எண்ணை அழிப்பித்த சம்பவம் இதைவிடத் தெளிவாக இந்த நாட்டில் நடந்ததில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட சபையொன்று அப்போது இருந்திருந்தால் செல்லடி நின்றிருக்குமா? நின்றிருக்காது. அப்படி நம்புவது சிறுபிள்ளைத்தனம். ஆனால் அரசாங்க அதிபர் என்பவர் கொழும்பின் உத்தியோகத்தர். இடமாற்றக் கடிதமும் ஓய்வூதியமும் கொழும்பின் கையில். அவர் அனுப்பிய எண்ணை அவருடைய மேலதிகாரி நிராகரித்தால் அத்தோடு விடயம் முடிந்தது. சனம் வாக்குப்போட்டுத் தெரிவுசெய்த ஒருவர் அதே எண்ணைச் சொல்லியிருந்தால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று அவரை மிரட்ட முடியாது. பொய் சொல்கிறார் என்று பகிரங்கமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது உலக உணவுத் திட்டமும் செஞ்சிலுவைச் சங்கமும் தூதரகங்களும் இரண்டு எண்களில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டி வந்திருக்கும். எத்தனை மூடை மா கூடுதலாக வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் நகர முடியாது. கிளிநொச்சியும் ஒரு மத்திதான். அங்கே தீர்மானித்ததை முள்ளியவளையோ மல்லாவியோ மறுக்க வழியிருக்கவில்லை. ஊரால் தெரிவுசெய்யப்பட்ட சபை ஒன்றும் அந்த ஆட்சியில் இல்லை. குடும்பக் கணக்கு அவர்களுக்கும் தேவைப்பட்டது. வீட்டுக்கு ஒருவர் என்று கேட்க, வீட்டில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே. கடைசி மாதங்களில் சனத்தை வெளியேற விடாமல் மறித்ததும் அதே நிபுணர் குழு அறிக்கையில் இருக்கிறது. 2003 ஒக்டோபர் 31இல் புலிகள் முன்வைத்த இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை வரைவு, கொழும்பிடமிருந்து காணியையும் நிதியையும் கடலையும் கேட்டது. கேட்டதைக் கீழே எப்படிப் பிரித்துக் கொடுப்போம் என்பதில் அதற்கு அதே அக்கறை இருக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சமஷ்டிப் பேச்சில் இந்தக் குறை பழையது. கொழும்பிலிருந்து எடுத்து யாழ்ப்பாணத்துக்கோ கிளிநொச்சிக்கோ கொண்டுவந்து வைத்தால் போதும் என்பதோடு கற்பனை நின்றுவிடும். முள்ளிவாய்க்கால் இருக்கும் கரைதுறைப்பற்று வரைக்கும் அது இறங்கி வராது.

சமஷ்டிப் பேச்சின் வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம், தெரிந்த கதை. 1926இல் இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருந்தும் என்று எழுதிப் பேசியவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அடுத்த ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர்கள். தமிழரசுக் கட்சி 1949 டிசம்பரில்தான் வருகிறது. அதே பண்டாரநாயக்க 1957 யூலையில் தமிழரசுத் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்து 1958 ஏப்ரலில் அதைக் கிழித்தார். 1965இல் டட்லி சேனநாயக்கவுடனான ஒப்பந்தம் மாவட்ட சபைக்கு இறங்கி, அதுவும் நடக்கவில்லை. 1981இல் மாவட்ட அபிவிருத்தி சபைகள், பல்லில்லாமல். 1987 நவம்பரில் 13ஆம் திருத்தம்.

அந்தத் திருத்தத்தை ஒருதரம் பொறுமையாக வாசித்துப் பார்த்தால் அதை எழுதியவர்களின் சாமர்த்தியம் புரியும். மூன்று நிரல்கள். மாகாண நிரலில் 37 விடயங்கள், பார்க்க நீளமானது. மத்திக்கு ஒதுக்கிய நிரலின் தலைவாசலிலேயே எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் 37ஐயும் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். மீன்பிடி இருவருக்கும் பொதுவான நிரலில் இருப்பதால், முள்ளிவாய்க்கால் கரையில் யார் கரைவலை இழுப்பது என்ற அனுமதிப் பத்திரம் கடற்றொழில் திணைக்களத்துடையது. நாயாற்றிலும் கொக்கிளாயிலும் தெற்கிலிருந்து பருவத்துக்கு வரும் சம்மாட்டிமாருக்கும் உள்ளூர்த் தொழிலாளிகளுக்கும் இடையில் ஏற்படும் பிணக்கைத் தீர்க்க மாகாணத்துக்கு வாய்மட்டும்தான் இருந்தது. 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ்த் தொழிலாளிகளின் வாடிகள் எரிக்கப்பட்டபோது வடக்கில் ஒரு மாகாண சபை பதவியில் இருந்தது.

1992இல் வந்த இன்னொரு சட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் எங்களைப் போன்ற ஊர்களுக்கு 13ஐவிட அதுதான் பெரியது. பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரங்களை மாற்றும் அந்தச் சட்டம் உதவி அரசாங்க அதிபர்களின் ஏ.ஜி.ஏ. கந்தோர்களைப் பிரதேச செயலகங்களாக்கி, நேரே மத்தியின் கீழ் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு ஒருவர் பெர்மிட் கேட்டுப் போகும் மேசை, ஜீ.எஸ். முறைப்பாடு அனுப்பும் மேசை, சமுர்த்தி எழுதும் மேசை எல்லாம் கொழும்பின் மேசை. முதலமைச்சர் முல்லைத்தீவுக்கு வந்தால் பிரதேச செயலாளர் மரியாதைக்கு எழுந்து நிற்பார். உத்தரவு என்று ஒன்றும் அவரிடமிருந்து பெற வேண்டியதில்லை.

காணியின் கதை இதைவிடச் சுவையானது. மாகாண நிரலில் காணி இருக்கிறது. அதற்கென்று ஒரு பின்னிணைப்பும் இருக்கிறது. அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரியது என்று அது தொடங்கும். வடக்கு மாகாண சபையின் முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38இல் 30 ஆசனம் எடுத்தது; முல்லைத்தீவின் ஐந்தில் நான்கு. சனம் வெடி கொளுத்தியது. செப்டெம்பர் 26, அதாவது ஐந்தாம் நாள், முதலமைச்சர் சத்தியப்பிரமாணம் செய்வதற்கு முன்னரே, மலையகத்தில் இறாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரச காணி மீதான அதிகாரம் மத்தியிடமே என்றது. வழக்காடியவர் மலையகத் தமிழர், வழக்கு மத்திய மாகாணத்தது. அதன் சுமை வந்து விழுந்த இடம் வன்னி. அதே பின்னிணைப்பு தேசிய காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு மாகாணத்தின் பிரதிநிதியும் அதில் இருக்க வேண்டும், காணியின் பௌதிக, சமூக நிலைமைகளை ஆராயத் தொழில்நுட்பச் செயலகம் ஒன்றும் வேண்டும் என்கிறது. முப்பத்தெட்டு வருடங்களாகியும் அது பிறக்கவில்லை. புதிய அரசியலமைப்பும் வேண்டாம், சமஷ்டியும் வேண்டாம், ஏற்கனவே எழுதிவைத்ததைச் செய்தால் போதும் என்ற விடயம்கூட ஏன் செய்யப்படவில்லை? என் ஊகம், அந்தச் செயலகம்தான் இடைஞ்சல். அங்கே ஒரு பதிவேடு உருவாகும். அதை எழுதுபவர்களில் மாகாணத்தாரும் இருப்பார்கள்.

அப்படி வந்த முதலமைச்சர் விக்னேஸ்வரனின் சபையைப் பற்றிக் கசப்பில்லாமல் எழுதுவது கடினம். தொடக்கத்தில் ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. பிரதம செயலாளரை ஜனாதிபதி நியமிக்கும்போது முதலமைச்சரின் இணக்கம் வேண்டும் என்பது சட்டம். சபை வரும்போது பிரதம செயலாளர் ஏற்கனவே கதிரையில் இருந்தார். முதலமைச்சர் நிதியத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று பதவிக்காலம் முழுக்க விக்னேஸ்வரன் முறையிட்டார். ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் நிதி சார்ந்த நியதிச் சட்டம் சபைக்கே வர முடியாது. எல்லாம் உண்மை. ஆனால் 2017இல் தன் அமைச்சர் ஒருவரை முதலமைச்சர் நீக்கியபோது அந்த அமைச்சர் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். அமைச்சரை நியமிப்பதும் நீக்குவதும் ஆளுநரின் அதிகாரம், முதலமைச்சரின் அதிகாரமல்ல என்ற வாதம் 2018 நடுவில் இடைக்காலக் கட்டளையாக வந்தது. மாகாண சபைக்கு இருந்த கொஞ்ச அதிகாரத்தையும் ஆளுநர் பக்கம் தள்ளிவிடும் வாதத்தை எழுப்பியவர் அந்தச் சபையின் அமைச்சரே. கொழும்பு இதற்கு ஒரு விரலும் அசைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சபை 2015 பெப்ரவரி 10இல் இனப்படுகொலைத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு மே 18இல் முதலமைச்சர் முள்ளிவாய்க்காலில் சுடரேற்றினார். அதுவரை அங்கே பகிரங்கமாக ஒரு விளக்குக் கொளுத்தப் பயந்த சனத்துக்கு அது பெரிய விடயம். நான் அதைச் சிறிதாக்கவில்லை. 2018இல் நினைவேந்தலை யார் நடத்துவது என்று மாகாண சபைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இழுபறி. அதையும் பார்த்தோம். நூற்றுக்கணக்கான தீர்மானங்கள் நிறைவேறின. பார்க்காதது ஒன்றுதான்: இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடு. ஐந்து வருடங்கள், ஐந்து மாவட்டங்கள், ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், ஒவ்வொரு ஊரிலும் சங்கங்கள், ஆலய சபைகள், மாதர் அமைப்புகள். ஒதுக்கிய நிரல் குடிசன மதிப்பைத்தான் மத்திக்கு வைத்திருக்கிறது. ஒரு சபை தன் மாகாணத்துச் சனத்தின் வாக்குமூலத்தைக் கேட்டு எழுதுவதை எந்த நிரலும் தடுக்கவில்லை. ஆளுநரின் ஒப்பமும் வேண்டாம். தீர்மானம் எழுதக் காட்டிய ஆர்வத்தில் கால்வாசியை இதற்குக் காட்டியிருக்கலாம் என்பது என் தீராத குறை. சபை கலைந்தபோது, 2018 ஒக்டோபரில், அந்தச் சந்தர்ப்பமும் போனது. கொழும்புப் புள்ளிவிபரத் திணைக்களம் இறந்தோர் பற்றிய தன் கணக்கை 2012லேயே வெளியிட்டுவிட்டிருந்தது. நிபுணர் குழு நாற்பதாயிரம்வரை இருக்கலாம் என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் இல்லை என்ற தகவலையும் குறிப்பிட்டது. இந்த எண்களில் எதுவும் எங்கள் ஜீ.எஸ். கொப்பியிலிருந்து தொடங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கை எப்படி அதிகாரமாகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியக் காட்டும் இடம் நாடாளுமன்றம். 2010 பொதுத் தேர்தலில் கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள். 2015இல் 7. 2024இல் 6. செத்தவர், நாடு விட்டுப் போனவர், இடாப்பிலிருந்து வெட்டப்பட்டவர் எல்லோரும் சேர்ந்து மூன்று கதிரைகளைக் காலி செய்தார்கள். இந்த இடத்தில் தமிழ்நாட்டின் தொகுதி மறுவரையறைச் சண்டையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1971 சனத்தொகையில் உறைய வைத்திருக்கும் மக்களவைத் தொகுதிப் பங்கீடு 2026க்குப் பிறகு வரும் கணக்கெடுப்போடு உருகிவிடும். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தென் மாநிலங்கள் அதனால் குறைந்துபோகும் என்று 2025 மார்ச் 22இல் சென்னையில் அப்போதைய தமிழக முதலமைச்சர் ஸ்டாலின் பல மாநிலத் தலைவர்களைக் கூட்டினார். பிள்ளை குறைவாகப் பெற்றதற்குத் தண்டனையா என்பது அவர்களின் கேள்வி. அங்கே எண்ணில் பிணக்கில்லை, எண்ணுக்கு என்ன விலை என்பதில்தான் பிணக்கு. கேட்க ஒரு சட்டசபை இருக்கிறது, பேசப் பக்கத்து மாநிலங்கள் இருக்கின்றன. ஆளுநரோடு மல்லுக்கட்டும் தமிழக அரசியலைப் பார்த்து இங்கே சிலர் எங்களுக்கும் இதே நிலைதானே என்பார்கள். இல்லை. அவர்களுடைய ஆளுநர் சட்டமூலத்தைக் கிடப்பில் போட்டார். எங்கள் மாகாணத்தில் சட்டமூலம் கொண்டுவர ஆளே இல்லை, ஆளுநர் மட்டும் இருக்கிறார்.

2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானியோடு இந்தக் கதை மறுபடி காணிக்கு வந்தது. காலனிகாலத்துக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் ஆவணத்தோடு வர வேண்டும், வராவிட்டால் அரச காணி. முல்லைத்தீவில் உறுதி கேட்கிறார்கள்! அந்த உறுதிகள் எங்கே தொலைந்தன என்று கேட்கிறவருக்குத் தெரியாதா? எந்தக் கரையில், எந்தப் பங்கருக்குள், எந்த மாதத்தில் தொலைந்தன என்று இங்குள்ள எந்தப் பொடியனும் சொல்லுவான். அகதியாக வெளிநாடு போனவர் மூன்று மாதத்தில் திரும்பி வருவாரா? எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் போனது. யூன் முடிவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அரசாங்கம் வர்த்தமானியை மீளப்பெற்றது. நல்லது. ஆனால் பாருங்கள், இந்த முழு அத்தியாயத்திலும் வடக்கு மாகாணம் ஒரு தரப்பாகவே வரவில்லை. வர்த்தமானி போட்டதும் கொழும்பு, தடுத்ததும் கொழும்பு, விட்டுக்கொடுத்ததும் கொழும்பு.

முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் நடந்ததும் இதே ஒழுங்கில்தான். தேசிய முக்கியத்துவம் என்று நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டவை தவிர்ந்த பழஞ்சின்னங்கள் மாகாணத்துக்குரியவை. ஆகவே எது தேசிய முக்கியத்துவம் என்று அறிவிப்பவரே மாகாணத்தின் எல்லையைப் போடுகிறார். 2021 சனவரியில் இராஜாங்க அமைச்சர் ஒருவர் படையினரோடு வந்து புத்தர் சிலை வைத்து அகழ்வைத் தொடங்கிவைத்தார். நிர்மாண வேலைகளை நிறுத்தச் சொல்லி முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகும் வேலை நடந்ததாக வழக்கு நீண்டது. அந்த வழக்கைப் பார்த்த நீதிபதி சரவணராஜா உயிருக்கு அச்சுறுத்தல் என்று 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். மணலாற்றுப் பக்கம், மகாவலித் திட்டத்தின் எல் வலயத்திலும் இதே கதை. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் போர் முடிந்து திரும்பி வந்தபோது தங்கள் வயலில் வேறொருவர் பெர்மிட்டோடு நின்றார். காகிதம் அவரிடம் இருந்தது.

அதே கொக்குத்தொடுவாயில் 2023 யூன் 29ஆம் திகதி குடிநீர்க் குழாய் பதிக்க மண்ணை வெட்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்து 2024 யூலையில் முடித்தபோது 52 பேரின் எச்சங்கள். சிலரிடம் இலக்கத் தகடுகள் இருந்தன. யாரோ ஒருவர் அவர்களுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார். அந்த எண்ணுக்குரிய பெயர் எழுதிய புத்தகம் எங்கோ அழிந்துவிட்டது. காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம் கொழும்பில். பரிசோதனை முடிவும் கொழும்பு வழியாகத்தான் வரும். 2010இன் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேல் காணாதவரை இறந்தவராகப் பதிய அவருடைய குடும்பத்துக்கு உரிமை கிடைத்தது. 2016 திருத்தத்தோடு, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழும் வந்தது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் குந்திய, காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்களில் பலர் இரண்டையும் வாங்க மறுத்தார்கள். தன் பிள்ளை எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதைத் தானே தீர்மானிப்பேன் என்ற அந்த மறுப்பை விடக் கூர்மையான அதிகாரப் பகிர்வுக் கோரிக்கை ஒன்றை எந்தக் கட்சியின் விஞ்ஞாபனத்திலும் நான் வாசித்ததில்லை.

இனி மாகாண சபைத் தேர்தல் வருமா? 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று ஒன்பது மாகாணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. தெற்கில் எவரும் அதற்காக அழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சபை ஒருநாள் திரும்பி வரும். வந்தால் பொலிஸ், காணி என்று பழைய பாட்டே தொடங்கும். 2024 மே மாதத்தில் சம்பூரில் நினைவேந்தலுக்காக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்களை இரவில் கைது செய்த பொலிஸை நினைத்தால், அந்தப் பாட்டையும் வேண்டாமென்று சொல்ல முடியாது. நான் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கேட்பேன்: காணி ஆணைக்குழுவின் செயலகம், பிரதேச செயலகப் பதிவுகளின் ஒரு பிரதி மாகாணத்திடம், இறந்தோர் பெயர்களைத் திரட்டும் ஒரு சிறிய பிரிவு.

முள்ளிவாய்க்கால் கிழக்கு, முள்ளிவாய்க்கால் மேற்கு என்ற இரண்டு ஜீ.எஸ். பிரிவுகளிலிருந்து தொடங்கலாம். முதல் வேலை, 429,059 என்ற எண்ணைத் தந்த 2008 ஒக்டோபர்க் கணக்கின் மூலத்தாள்கள், ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக எழுதியவை, இன்று எந்த அலுமாரியில் இருக்கின்றன என்று கேட்பது. அதற்கு மாகாண சபை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் முல்லைத்தீவுக் கச்சேரியில் ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம்.